இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கனசதுரம்



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மென்பொருள் காப்புரிமை. அதிலும் குறிப்பாக, தரவுகளைப் படமாக்கிக் காட்டும் கட்டற்ற மென்பொருள்களுக்கு அந்தக் காப்புரிமையால் நேர்ந்தது என்ன என்பது. இது வக்கீல்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஸ்கேன் எடுத்துக்கொண்ட நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வரைபடம் பார்க்கிற மீனவருக்கும் பங்கு உண்டு. ஆய்வேட்டுக்காக இரவெல்லாம் கோட்டுப்படம் போடுகிற மாணவிக்கும் உண்டு. எண்களைக் கண்ணால் பார்க்க விரும்புகிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு. ஒருவர் எழுதிய நிரல்வரிகளை இன்னொருவர் அப்படியே எடுத்தாளக்கூடாது என்பது பதிப்புரிமை. காப்புரிமையோ அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கும் வழிமுறையையே ஒருவருக்குச் சொந்தமாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஒரு மாணவர் யாருடைய நிரலையும் பார்க்காமல், எந்தக் கட்டுரையையும் படிக்காமல், தன் அறையில் உட்கார்ந்து சொந்த மூளையால் அதே வழிமுறையைக் கண்டுபிடித்தாலும் அவர் உரிமையை மீறியவர்தான். நான் காப்பியடிக்கவில்லையே என்று அவர் வாதாட முடியாது.

காப்புரிமை என்றதும் நம்மவர்களுக்கு மஞ்சள் நினைவுக்கு வரும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம்முடைய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் ஆதாரங்களோடு எதிர்த்தது. 1997-ல் அது ரத்தானது. நாடே அதைப் பேசியது. கணித வழிமுறைகளுக்கு வந்தபோது அப்படி ஒரு பேச்சு எழவில்லை. மஞ்சள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அல்காரிதம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சரி, தரவைப் படமாக்கும் கலை எப்படி வளர்ந்தது? 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை அட்டவணையாகப் போடாமல் கோடுகளாக இழுத்துக் காட்டினார். ஸ்காட்லாந்துக்குப் பல ஆண்டுக் கணக்கு கையில் இல்லாததால், இருந்த ஓராண்டுக் கணக்கைப் பட்டைகளாக வரைந்தார். இன்று நாம் எல்லோரும் போடும் பட்டை வரைபடம் அங்கிருந்து வந்தது. 1801-ல் வட்ட வரைபடமும் அவர் கையிலிருந்தே வந்தது.

இந்த பிளேஃபேர் யாரிடம் வேலை பார்த்தவர் தெரியுமா? ஜேம்ஸ் வாட்டிடம். நீராவி எந்திரத்துக்கு 1769-ல் காப்புரிமை வாங்கி, 1775-ல் நாடாளுமன்றம் வரை சென்று அதை 1800 வரை நீட்டித்துக்கொண்ட அதே வாட்டிடம்! வரைவாளராக இருந்து, காப்புரிமை என்றால் என்ன என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் பிளேஃபேர். ஆனால் அவர் இழுத்த கோடும் பட்டையும் யாருக்கும் சொந்தமாகவில்லை. அதனால்தான் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் போர்க்கள மருத்துவமனைச் சாவுகளை வட்டமாக வரைந்தபோதும், 1869-ல் மினார் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை ஒரே தாளில் வரைந்தபோதும், யாரிடமும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டார். இருநூறு ஆண்டுகள் அப்படித்தான் இந்தக் கலை வளர்ந்தது.

கணினி வந்தது. நிலைமை மாறியது.

1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எண்களை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் கணித வழிக்குக் காப்புரிமை கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. 1981-ல் ரப்பரைப் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் வழக்கு வந்தது. அந்த ஆலையில் கணினி ஒரு சூத்திரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் அந்த ஆலை முறைக்குக் காப்புரிமை தரலாம் என்றார்கள். கதவு கொஞ்சம் திறந்தது. அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்தவற்றில் ஒன்றைத்தான் இன்று நாம் நிதானமாகப் பார்க்கப்போகிறோம். அதன் பெயர் மார்ச்சிங் க்யூப்ஸ்.

சி.டி. ஸ்கேன் மெஷின் உடலை மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களாக எடுக்கிறது. ரொட்டித் துண்டுகளை மறுபடி அடுக்கி முழு ரொட்டியாக்குவதுபோல அந்தப் படங்களை அடுக்கினால், முழுக்க முழுக்க எண்களால் ஆன ஓர் உடல் கிடைக்கும். எலும்பு இருக்கும் இடத்தில் எண் பெரிது, சதை இருக்கும் இடத்தில் சிறிது. இந்த எண் குவியலிலிருந்து எலும்பின் மேற்பரப்பை மட்டும் உரித்தெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்க்கும் உருவமாக டாக்டர் முன் வைப்பது எப்படி? நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் லாரென்சனும் ஹார்வி க்ளைனும் இதற்கு விடை கண்டார்கள்.

அந்த விடையின் அழகைப் பாருங்கள். எண்கள் நிறைந்த வெளியைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கனசதுரத்துக்கும் எட்டு மூலைகள். ஒவ்வொரு மூலையிடமும் ஒரே கேள்வி: நீ எலும்புக்கு உள்ளே இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா? இரண்டில் ஒரு பதில்தான் வரமுடியும். எட்டு மூலைகளுக்கும் சேர்த்து மொத்தம் 256 வகைகள். திருப்பியும், உள்ளே வெளியே என்பதை மாற்றியும் பார்த்தால் ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 15. ஒவ்வொரு வகைக்கும் எந்த முக்கோணங்களை வரையவேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டியது. பிறகு ஒரு கனசதுரம், அடுத்த கனசதுரம், அதற்கடுத்தது என்று நடந்துகொண்டே போகவேண்டியது. கடைசிக் கனசதுரத்தைத் தாண்டும்போது மண்டையோடு முழுதாக வந்து நிற்கும்!

பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அரைமணி நேரத்தில் புரியவைத்துவிடலாம். அவ்வளவு எளிது, அவ்வளவு பெரிது. எலும்புக்கு மட்டுமா? புரதத்தின் எலக்ட்ரான் செறிவுக்கும், மேகத்தின் ஈரப்பதத்துக்கும், பூமிக்கடியில் இருக்கும் பாறை அடுக்குக்கும் இதே வழிதான்.

1985 ஜூன் 5-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1987 டிசம்பர் முதல் தேதி எண் 47,10,876 என்று பதிவாகி வந்தது. அதே 1987-ல் சிக்கிராஃப் மாநாட்டில் கட்டுரையாகவும் வெளிவந்தது. கணினி வரைகலையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. உலகம் முழுக்க மாணவர்கள் அதைப் படித்தார்கள், வியந்தார்கள். படிக்கலாம், வியக்கலாம். ஆனால் அமெரிக்காவில் நிரலாக எழுதி நாலு பேருக்குக் கொடுத்தால் சட்டச் சிக்கல்.

கட்டற்ற மென்பொருள் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? சுற்றுவழி தேடினார்கள். டோய், கொய்டே என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ல் வெளியிட்ட ஒரு முறை கையில் இருந்தது. கனசதுரத்தை அப்படியே கையாளாமல், அதை ஐந்தாகவோ ஆறாகவோ நான்முகிகளாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு நான்முகியிலும் முக்கோணம் வரைவது அந்த முறை. அதற்கென்று ஒரு சிறப்பு உண்டு. மூல முறையில் சில இடங்களில் மேற்பரப்பில் ஓட்டை விழும், இதில் விழாது. ஆனால் முக்கோணங்களின் எண்ணிக்கை எகிறிவிடும். அன்றைய கணினிகளின் நினைவகத்தையும் வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். பலர் இந்த முறையை எடுத்துக்கொண்டது அதன் சிறப்புக்காக அல்ல, காப்புரிமைக்குப் பயந்து. அறிவியல் காரணத்துக்காக எடுக்கவேண்டிய முடிவைச் சட்ட பயம் எடுத்தது.

இனி வருவதுதான் மனத்தை உறுத்துகிற பகுதி.

1993 டிசம்பரில் அதே ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், வில்லியம் லாரென்சன் ஆகிய மூவரும் ஒரு பாடநூலுக்குத் துணையாக ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் அனுமதியோடு, ஆனால் தங்கள் சொந்த நேரத்தில் எழுதியதால் மென்பொருளின் பதிப்புரிமை அவர்களிடமே இருந்தது. அதை உலகத்துக்குத் திறந்து கொடுத்தார்கள். அதுதான் வி.டி.கே. பிற்பாடு பாராவியூ, 3டி ஸ்லைசர் என்ற மென்பொருள்களும் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தன. இன்று ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் முப்பரிமாணப் படம் என்றால் ஏதாவது ஒரு வகையில் வி.டி.கே. அங்கே இருக்கும்.

லாரென்சன் யார்? மார்ச்சிங் க்யூப்ஸைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். அவரே எழுதிய கட்டற்ற மென்பொருளில் அவரே கண்டுபிடித்த வழிமுறையைத் தாராளமாக வைக்க முடிந்ததா? முடியவில்லை! நிரல் அவருடையது, வழிமுறை கம்பெனியுடையது. வி.டி.கே.யின் மூலநிரலுக்குள் 'பேட்டன்டட்' என்ற பெயரில் தனியாக ஒரு கோப்புறை இருந்தது. மார்ச்சிங் க்யூப்ஸ் அதற்குள் இருந்தது. அந்தக் கோப்பைத் திறந்தால் தலைப்பிலேயே காப்புரிமை எண்ணும், வணிகப் பயன்பாடு என்றால் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற எச்சரிக்கையும், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற விவரமும் இருக்கும். கம்பைல் செய்யும்போது இந்தக் கோப்புறையைச் சேர்க்கவா வேண்டாமா என்று ஒரு விருப்பத் தேர்வு. கேட்காமல் விட்டால் சேராது.

அங்கே இன்னும் சில வழிமுறைகளும் இருந்தன. முக்கோணங்களைக் குறைத்து உருவத்தை இலகுவாக்கும் டெசிமேட் முறை அவற்றில் ஒன்று. அதற்கு மாற்றாக டெசிமேட் ப்ரோ என்று இன்னொன்றை எழுதிக் கோப்புறைக்கு வெளியே வைத்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள். இரண்டாவது நிரலுக்குச் செலவான உழைப்பு, முன்னேறுவதற்காகச் செய்த உழைப்பா, ஒதுங்கிப் போவதற்காகச் செய்த உழைப்பா?

வணிகத்துக்குத்தானே உரிமம் கேட்டார்கள், படிப்புக்கும் ஆய்வுக்கும் தடை இல்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரமே, எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது. டெபியன் திட்டத்தின் நெறிமுறைகளில் ஆறாவது, எந்தத் துறையினரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 1991-ல் வந்த ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் ஏழாவது பிரிவு இன்னும் கறாரானது. காப்புரிமைக் கட்டுப்பாட்டால் முழுச் சுதந்திரத்தோடு ஒரு நிரலைக் கொடுக்க முடியவில்லை என்றால், கொடுக்கவே கூடாது என்கிறது. ஆகவே 'வணிகத்துக்கு மட்டும் தடை' என்ற ஒரு சின்ன நிபந்தனை போதும், ஒரு கருவி கட்டற்ற உலகத்தில் கால் வைக்க முடியாமல் போவதற்கு. யாரும் வழக்குப் போடத் தேவையில்லை. யாரும் மிரட்டல் கடிதம் அனுப்பத் தேவையில்லை. தலைப்பில் அந்த எச்சரிக்கை இருந்தாலே போதும். வழக்குகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தச் சேதம் கணக்கில் வராது.

எப்போது விடுதலை? அமெரிக்காவின் பழைய சட்டப்படி, காப்புரிமை கொடுத்த நாளிலிருந்து 17 ஆண்டுகள். அப்படியானால் 2004 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். உலக வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி 1995-ல் சட்டம் மாறியது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், அல்லது பழைய கணக்கு, இதில் எது நீளமோ அது. ஆறு மாதம் கூடியது. 2005 ஜூன் 5-ஆம் தேதிதான் கனசதுரம் வெளியே வந்தது. வி.டி.கே.யில் மார்ச்சிங் க்யூப்ஸ் மற்ற நிரல்களோடு சேர்ந்து இடம்பிடித்தது. இன்று பைத்தானில் சைகிட்-இமேஜ் நூலகத்தைத் திறந்து ஒரே வரி எழுதினால் மேற்பரப்பு வந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருபது ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது.

நண்பர்களே, முப்பரிமாணம் ஆய்வுக்கூடத்து விஷயம். சாதாரணக் கோட்டுப்படம் என்ன ஆயிற்று? அதையும் விடவில்லை.

1990-களில் இணையத்தில் வரைபடம் என்றால் ஜிஃப் கோப்புதான். ஜிஃப் கோப்பைச் சுருக்கப் பயன்பட்ட முறை எல்.இசட்.டபிள்யூ. டெர்ரி வெல்ச் 1984-ல் கட்டுரையாக வெளியிட்டது அது. கட்டுரைக்கு முன்பே, 1983 ஜூன் 20-ல், ஸ்பெர்ரி நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. ஸ்பெர்ரி பின்னர் யுனிசிஸ் ஆயிற்று. 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப்பை அறிமுகப்படுத்தி, உலகம் முழுக்க அது பரவிய பிறகு, 1994 டிசம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தது: ஜிஃப் எழுதும் மென்பொருளுக்கு இனி உரிமம் வேண்டும். 1999-ல் இணையதளங்களுக்கே 5,000 டாலர், 7,500 டாலர் என்று பேச ஆரம்பித்தார்கள்.

தாமஸ் பூட்டெல் என்பவர் எழுதிய ஜி.டி. என்ற சின்ன நூலகம் அப்போது பல வரைபடக் கருவிகளின் முதுகெலும்பு. க்னூபிளாட் அதை வைத்து ஜிஃப் வரைந்தது. பெர்ல் மொழியின் ஜிஃப்கிராஃப் அதை வைத்துப் பட்டைகள் போட்டது. 1999-ல் வந்த 1.6 பதிப்பில் பூட்டெல் ஜிஃப் ஆதரவை வெட்டி எறிந்தார். ஒரே வெட்டில் இத்தனை கருவிகளும் மாறவேண்டியதாயிற்று. நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் புதுப் பதிப்போடு ஓடவில்லை.

இதனால்தானே பி.என்.ஜி. பிறந்தது, அது நல்லதுதானே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 1995 ஜனவரியில் அதே பூட்டெல் முன்வைத்த யோசனையைத் தன்னார்வலர்கள் கூடி வளர்த்து, 1996 அக்டோபரில் தரமாக்கிவிட்டார்கள். நிறங்களின் எண்ணிக்கையில் ஜிஃப்பை மிஞ்சியது, சுருக்கத்திலும் மேலானது. அந்த உழைப்புக்குத் தலைவணங்கவேண்டும். ஆனால் அதைக் காப்புரிமையின் சாதனையாக எழுதுவது நியாயமில்லை. அன்றைய பி.என்.ஜி.யில் அசையும் படம் கிடையாது. ஒரு புயல் மணிக்கு மணி நகர்வதை, ஓர் அலை பரவுவதைக் காட்டவேண்டுமானால் அப்போது ஜிஃப்தான் கதி. அந்த வசதி கட்டற்ற கருவிகளிடமிருந்து போனது.

அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20-ல் முடிந்தது. உடனே ஜிஃப் திரும்பிவந்ததா? வரவில்லை. ஐரோப்பாவில் சில நாடுகளிலும் ஜப்பானிலும் 2004 ஜூன் வரை, கனடாவில் ஜூலை 7 வரை காப்புரிமை உயிரோடு இருந்தது. ஜூலை 21-ஆம் தேதிதான் ஜி.டி. 2.0.28 ஜிஃப்போடு வந்தது. நூலகம் ஒன்று, உலகம் முழுக்க அதே பதிப்பு. ஏதோ ஒரு நாட்டின் பூட்டு எல்லா நாட்டுக் கதவையும் சாத்திவைக்கிறது.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். அதே சுருக்க முறைக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் மில்லர், வெக்மன் இருவரும் 1983 ஜூன் முதல் தேதி, அதாவது வெல்ச்சுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்கும் காப்புரிமை கிடைத்தது! ஒரே வழிமுறை, இரண்டு உரிமையாளர்கள். காப்புரிமை அலுவலகத்துக்கே அது ஒன்றுதான் என்று தெரியவில்லை என்றால், வீட்டில் உட்கார்ந்து இரவில் நிரல் எழுதும் ஒரு தன்னார்வலர் எந்த வழிமுறை யாருக்குச் சொந்தம் என்று எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார்?

டொனால்ட் க்னூத் 1994-ல் அமெரிக்கக் காப்புரிமை ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினார். 1980-லேயே மென்பொருள் காப்புரிமை பரவியிருந்தால் தன்னால் டெக் என்ற அச்சுக்கோப்பு முறையை உருவாக்கியிருக்க முடியாது என்று அதில் சொன்னார். கணினி அறிவியலின் முன்னோடி ஒருவரே அப்படிச் சொன்னார்.

இப்படிப்பட்ட காப்புரிமைகளின் பட்டியல் நீளும். மரக்கிளைபோல் விரியும் தரவை வளைவெளியில் காட்டும் ஹைப்பர்பாலிக் மரத்துக்கு ஜெராக்ஸ் காப்புரிமை வாங்கியது. எழுத்தோடு எழுத்தாக வரும் குட்டிக் கோட்டுப்படத்தை எட்வர்ட் டஃப்டி 2006-ல் தன் புத்தகத்தில் விளக்கியிருந்தார். அதை விரிதாளின் கட்டத்துக்குள் வைப்பதற்கு 2008-ல் மைக்ரோசாஃப்ட் விண்ணப்பித்தது, 2009-ல் விண்ணப்பம் வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது.

காற்று மாறவும் செய்தது. 2005 ஜூலை 6-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் மென்பொருள் காப்புரிமைக்கு வழிவிட்டிருக்கக்கூடிய சட்டமுன்வடிவை 648-க்கு 14 என்ற வாக்குகளில் தூக்கி எறிந்தது. 2014-ல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றிவிட்டதால் மட்டுமே அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று ஒருமனதாகச் சொன்னது. நம் பேச்சுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு 2016 ஆகஸ்டில் வந்தது. மின்தொகுப்பைக் கண்காணிக்கும் ஒரு முறை பற்றிய வழக்கு அது. பல இடங்களிலிருந்து தகவல் திரட்டுவது, அலசுவது, முடிவைத் திரையில் காட்டுவது, இவை அருவமான கருத்துகளே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரட்டுவது, அலசுவது, காட்டுவது! தரவுக் காட்சிப்படுத்தல் என்பதே இந்த மூன்றும்தானே.

நம் நாட்டில்? காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறைக்கும் அல்காரிதத்துக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. 2002 திருத்தத்தில் வந்த பிரிவு இது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கதவைக் கொஞ்சம் திறந்தன. எதிர்ப்பு எழுந்து டிசம்பரில் அவை நிறுத்திவைக்கப்பட்டன, 2016 பிப்ரவரியில் மாற்றி எழுதப்பட்டன. யார் எதிர்த்தார்கள்? கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் இந்தத் துறையில் அக்கறை உள்ளவர்களும். எதிர்த்ததால்தான் மாறியது.

இந்த அவையில் இருக்கும் நிரலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கருவியை வெளியிடும்போது காப்புரிமை பற்றி வெளிப்படையாகப் பேசும் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். 2004-ல் வந்த அப்பாச்சி 2.0, 2007-ல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு இரண்டிலும் அந்த ஷரத்து இருக்கிறது. எழுதியதைத் தேதியோடு பொதுவில் வையுங்கள். மூலநிரல், வெளியீட்டுக் குறிப்பு, மாதிரிப் படம், எல்லாவற்றையும். இந்தியாவில் ஒரு விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை கொடுக்கும் முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்று சட்டத்தின் 25(1) பிரிவு சொல்கிறது. வக்கீலாக இருக்கவேண்டும் என்பதில்லை, நிறுவனமாக இருக்கவேண்டும் என்பதில்லை. படிவம் 7ஏ-யை நிரப்பி, விண்ணப்பத் தேதிக்கு முன்பே இந்த வழிமுறை வெளியில் இருந்தது என்று காட்டும் ஆதாரத்தை இணைத்தால் காப்புரிமை அலுவலகம் அதைப் பரிசீலித்தாக வேண்டும். மாநாட்டுக் கட்டுரை ஆதாரமாகும். பல்கலைக்கழக ஆய்வேடு ஆதாரமாகும். தேதியோடு பொதுவில் கிடக்கும் உங்கள் பழைய நிரலும் ஆதாரமாகும்.